சென்டர் ஃபீல்டில் என் மகள்: கல்லூரி சாஃப்ட்பால் வரை வந்த வழி

என் மகள் 2025 மே மாதம் தன் கல்லூரி சாஃப்ட்பாலை முடித்தாள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்றாம் நிலையான டிவிஷன் 3 கல்லூரி ஒன்றில் நான்கு வருடம் அவுட்ஃபீல்டர், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்தைப் பிடிப்பவள். முதல் வருடம் பெரும்பாலும் பெஞ்ச், இரண்டாவது வருடம் அவ்வப்போது இடது பக்கமான லெஃப்ட் ஃபீல்ட், கடைசி இரண்டு வருடம் நடுப்பகுதியான சென்டர் ஃபீல்ட் அவளுடையது. கடைசி சீசனில், எங்கள் கல்லூரிக் குழுமத்தின் சிறந்த வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-கான்ஃபரன்ஸ் இரண்டாம் அணியில் பெயர் வந்தது. டாலஸுக்கு வடக்கே எங்கள் பக்கம் தமிழ்க் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் சிலர் இப்போது இந்த விளையாட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான்: பேட்டிங் ஆவரேஜ் எவ்வளவு இருந்தால் கல்லூரியில் எடுப்பார்கள், ஸ்காலர்ஷிப் எவ்வளவு கிடைக்கும். இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் அவுட்ஃபீல்டரைப் பெற்றவர்கள் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது, அது ஸ்கோர் தாளில் ஏறுவதே இல்லை.

முதலில் ஆட்டத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலைவிட இதில் எல்லாமே கிட்டத்தில் இருக்கிறது. பேட்டர் ஓடித் தொட வேண்டிய முனைகளான பேஸ்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 60 அடி. பந்தெறியும் பிட்சர் 43 அடி தூரத்திலிருந்து கையைக் கீழாகச் சுழற்றி எறிகிறாள். பந்து 12 அங்குலச் சுற்றளவு, பளிச்சென்ற மஞ்சள். வேலி 200லிருந்து 220 அடிக்குள் முடிந்துவிடும். ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். இடதுகைப் பக்கம் நின்று ஓடிக்கொண்டே பந்தைத் தட்டிவிடும் ஸ்லாப் ஹிட்டர்கள் மூன்று வினாடிக்குள் முதல் பேஸைத் தொட்டுவிடுவார்கள். அதனால் அவுட்ஃபீல்டருக்கு யோசிக்க நேரமே கிடையாது. இன்னொன்று, பேஸ் கிட்டத்தில் இருப்பதால் ரைட் ஃபீல்டர் முன்னால் ஏறி நின்றால், தரையோடு வரும் பந்தைப் பொறுக்கி நேராக முதல் பேஸுக்கு எறிந்து பேட்டரையே அவுட்டாக்கலாம். சிறுவர் லீகில் பந்து பிடிக்கத் தெரியாத குழந்தையை ரைட் ஃபீல்டில் நிறுத்துவது வழக்கம், என் மகளையும் அங்கேதான் நிறுத்தினார்கள். பதினான்கு, பதினாறு வயதுப் பிரிவுக்கு வரும்போது அதே இடத்துக்கு நல்ல கையும் நல்ல கணிப்பும் உள்ள பிள்ளை தேவைப்படுகிறது. ஆகவே குழந்தையை ரைட் ஃபீல்டில் போட்டார்கள் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

என் அம்மா பாளையங்கோட்டையில் இருக்கிறார். இங்கே மதியம் ஆட்டம் என்றால் அங்கே நள்ளிரவு. தூக்கம் வராத நாட்களில் கல்லூரியின் நேரலையை ஃபோனில் பார்ப்பார். விதிகள் ஒன்றும் தெரியாது, பேத்தி எங்கே நிற்கிறாள் என்பது மட்டும் தெரியும். ஒருநாள் கூப்பிட்டு, “ஏட்டி, பந்து அந்த ஓரமாப் போவுது, இவ எதுக்கு இந்தப் பக்கமா ஓடுதா?” என்று கேட்டார். அத்தனை வருடம் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெற்றோர் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

அவர் பார்த்தது பேக்அப், அதாவது எறி தவறினால் பிடிப்பதற்காக முன்கூட்டியே ஓடிப் போய் நிற்பது. எதிரணிக்காரி முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸைத் திருட ஓடுகிறாள் என்றால் பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் இரண்டாவது பேஸுக்கு எறிவாள், அந்த எறி தவறினால் பந்து நேராக சென்டர் ஃபீல்டுக்குள் உருண்டு வரும். அது தவறும் முன்பே சென்டர் ஃபீல்டர் முன்னால் ஓடி வந்திருக்க வேண்டும். அதேபோல இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் முதல் பேஸுக்கு எறியும் ஒவ்வொரு முறையும் ரைட் ஃபீல்டர் முதல் பேஸுக்குப் பின்னால் ஓட வேண்டும். பெரும்பாலும் எறி சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும், ஓடியது வீண். யாரும் கைதட்ட மாட்டார்கள். எப்போதாவது ஒரு எறி தவறும்போது ஓடிய பிள்ளை இருந்தால் ஒரு பேஸோடு முடியும், இல்லாவிட்டால் ரன்னாகிவிடும். ஸ்கோர் தாளில் ஷார்ட்ஸ்டாப்பின் பிழை மட்டும் ஏறும், காப்பாற்றியவள் பெயர் வராது. கல்லூரிக் கோச்கள், கிளப் அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் பால் போட்டிகளுக்கு வந்து ஒரு நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்ப்பது இதையும்தான். மகளை எடுத்த கோச் பின்னால் எங்களிடம் சொன்ன காரணமும் இதுவே: ஆட்டம் கையைவிட்டுப் போன பிறகும், வெயிலில் எல்லோரும் சோர்ந்த பிறகும், இவள் பேக்அப் ஓடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் முதல் அடி. அவுட்ஃபீல்டரின் திறமையில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வேகமாக ஓடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் பந்தைக் கோட்டைவிடுவார்கள், காரணம் முதல் அடி தப்பான திசையில் போயிருக்கும். பிட்சர் கையிலிருந்து பந்து விடுபட்டு பேட்டரை நெருங்கும் நேரத்தில் அவுட்ஃபீல்டர் ஒரு சின்னத் துள்ளலோடு இரண்டு முன்பாதத்திலும் எடை வைத்து நிற்க வேண்டும். பந்து தலைக்கு மேலே போகிறது என்று தெரிந்ததும் பின்புறமாக நடக்கக் கூடாது. அந்தப் பக்கத்துக் காலைப் பின்னால் வைத்து, இடுப்பைத் திருப்பி, முதுகைக் காட்டி ஓட வேண்டும், டிராப் ஸ்டெப் என்பார்கள். ஓடும்போது குதிகால் தரையில் மோதினால் தலை அதிரும், தலை அதிர்ந்தால் பந்து கண்ணுக்கு நடுங்கித் தெரியும், அதனால் முன்பாதத்தில் ஓடப் பழக வேண்டும். கிளவை நீட்டிக்கொண்டே ஓடினால் வேகம் போய்விடும், கடைசி இரண்டு மூன்று அடியில் கையை நீட்டினால் போதும்.

இதைப் பழக்கத் தனிப் பயிற்சியாளர் தேவையில்லை. என் கணவர் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பழைய டென்னிஸ் பந்துகளை வைத்துக்கொண்டு நிற்பார். மகள் அவருக்கு எதிரே நிற்பாள், கிளவ் கிடையாது. அவர் இடது, வலது என்று கையைக் காட்டியதும் அவள் டிராப் ஸ்டெப் போட்டு ஓட வேண்டும், தோளுக்கு மேலே பந்து வரும், வெறும் கையில் பிடிக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்துக் கையைக் காட்டாமல் எறிந்தார். பிறகு ஓடும் நடுவில் பந்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டுத் திரும்ப அதைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அது கடினம், ஆனால் வேலியை நோக்கி ஓடும்போது கட்டாயம் தேவைப்படும். வெயில் கண்ணில் படும் மாலை நேரத்தையும் நாங்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தோம், கிளவால் சூரியனை மறைத்துக்கொண்டு சற்றுப் பக்கவாட்டில் நின்று பந்தைப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. கண்ணாடி இருந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சென்டர் ஃபீல்டுக்கு வந்த பிறகு இன்னொரு வேலை சேர்ந்துகொண்டது: குரல். இரண்டு பேருக்கு நடுவே விழும் பந்தில் சென்டர் ஃபீல்டர் சொல்வதுதான் முடிவு. “பால், பால், பால்” என்று அடித்தொண்டையிலிருந்து கத்த வேண்டும். எங்கள் வீடுகளில் பெண் பிள்ளைகளை மெதுவாகப் பேசச் சொல்லியே வளர்க்கிறோம். இவள் கத்தப் பழகுவதற்குப் பந்து பிடிக்கப் பழகியதைவிட அதிக நாள் பிடித்தது. கத்தாவிட்டால் இரண்டு பேர் ஓடிவந்து முட்டிக்கொள்வார்கள், மூக்கு உடையும், முழங்கால் போகும், இது விளையாட்டுப் பேச்சல்ல.

இனி ஜெய்டா கோல்மன் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் சென்டர் ஃபீல்ட் என்றால் அவர்தான். டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவுக்கு ஒட்டினாற்போல இருக்கும் தி காலனி என்ற ஊர்ப் பெண். அங்கிருந்து ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போய், பேட்டி காஸோவின் பயிற்சியில் 2021லிருந்து 2024 வரை ஆடினார். அந்த நான்கு வருடமும் தேசியப் பட்டம் ஓக்லஹோமாவுக்கே. தொடர்ந்து நான்கு பட்டத்தை அதற்கு முன் எந்த அணியும் வென்றதில்லை. 2023இல் அந்த அணி 61 ஆட்டம் வென்று ஒன்றே ஒன்றில் தோற்றது. டாலஸிலிருந்து ஐ-35 சாலையில் மூன்று மணி நேரம் வடக்கே போனால் ஓக்லஹோமா சிட்டி. மகளிர் கல்லூரி உலகத் தொடர் நடக்கும் மைதானம் அங்கே இருக்கிறது, இப்போது அதற்கு டெவன் பார்க் என்று பெயர். பிள்ளை சாஃப்ட்பால் ஆடுகிறாள் என்றால் ஒரு தடவையாவது அங்கே கூட்டிப்போங்கள்.

2023 இறுதிச் சுற்றில் ஃப்ளோரிடா ஸ்டேட் அணிக்கு எதிராக, ஹோம் ரன்னாகப் போக வேண்டிய பந்தை கோல்மன் வேலியிடம் எகிறிப் பிடித்தார். டிவியில் அந்தக் கை மேலே போவதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் மகளோடு உட்கார்ந்து பார்த்தபோது அவள் வீடியோவை வேறு இடத்தில் நிறுத்திக் காட்டினாள்: பந்து பேட்டில் பட்ட கணம். அப்படி ஒரு கேட்ச் நடக்க வேண்டுமென்றால் பந்துக்கு முன்னால் வேலிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்து, நிலையாகி, பிறகுதான் குதிக்க முடியும். அதற்கான நேரத்தை முதல் அடியில்தான் சம்பாதிக்கிறார்கள். நானும் அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தையும் பந்தை மட்டும் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை. பேட் படும் நேரத்தில் அவுட்ஃபீல்டரின் காலைப் பார்க்கிறேன்.

2024 அரையிறுதியில் இதே கோல்மன் ஃப்ளோரிடா அணிக்கு எதிராக, ஏழில் முடிவு வராமல் நீண்ட எட்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து 6-5 என்று ஆட்டத்தை முடித்தார். அங்கிருந்து போய் டெக்ஸஸ் அணியை வென்று நான்காவது பட்டம். அது எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2023இல் அவர் பத்திரிகையாளர்களிடம் பேசியது. முதல் வருடம் பட்டம் வென்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே நிறைவு வரவில்லை, மறுநாள் என்ன செய்வதென்றே தெரியவில்லை என்ற பொருளில் சொன்னார். தன் இறைநம்பிக்கைதான் பிறகு அதைச் சரிசெய்தது என்றும் சொன்னார். தேசியப் பட்டம் வென்ற பெண்ணுக்கே அது போதவில்லை என்றால், வார இறுதிப் போட்டியில் வெண்கலக் கோப்பை வாங்காததற்கு ஒரு பிள்ளையை வீடு வரை காரில் திட்டிக்கொண்டு போவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். பார்க்கிங்கில் அப்படிப்பட்ட குரல்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆட்டம் முடிந்த அன்று ஆட்டத்தைப் பற்றி அவளாகத் தொடங்கினால் மட்டும் பேசுங்கள்.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, மேல்நிலையான டிவிஷன் 1 கோச்கள் பதினோராம் வகுப்பு தொடங்கும் வருடத்தின் செப்டம்பர் 1 முதல்தான் பிள்ளையோடு நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். அதற்கு முன்னால் வருகிற “எங்கள் கேம்புக்கு வாருங்கள்” மின்னஞ்சல்கள் ஆயிரம் பேருக்குப் போகிறவை, அதைப் பார்த்து உறவினர்களிடம் சொல்லிவிட வேண்டாம். பிள்ளை எழுதலாம், எழுதவும் வேண்டும், ஆனால் அவளே எழுத வேண்டும். பெற்றோர் எழுதிய கடிதத்தைக் கோச்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீடியோ பற்றி ஒரு முக்கியமான விஷயம். அவுட்ஃபீல்டர் வீடியோக்களில் பெரும்பாலும் பந்து காற்றில் இருக்கும்போது தொடங்கி கேட்ச்சில் வெட்டிவிடுகிறார்கள். டைவ் அடித்துப் பிடிப்பது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தாமதமாகக் கிளம்பியதால்கூட டைவ் தேவைப்பட்டிருக்கலாம், கோச்சுக்கு அது தெரியும். பிட்சர் எறிவதற்கு முன்பிருந்தே காட்டுங்கள்: அவள் நிற்கும் விதம், துள்ளல், முதல் அடி, ஓடும் கோடு, பிடித்ததும் எறிவதற்காகக் காலை மாற்றும் விதம், எறி, நடுவில் வாங்கித் திருப்பி எறிய (கட்ஆஃப்) நிற்பவளின் தலை உயரத்தில் போகிறதா என்பது வரை ஒரே துண்டாக இருக்கட்டும். எளிதாகப் பிடித்தது போலத் தெரியும் கேட்ச்களைத் தைரியமாகச் சேருங்கள், நல்ல கோச் அதைத்தான் தேடுகிறார். ஒரு பேக்அப் ஓட்டத்தையும் சேர்த்தாள் என் மகள். பேட்டிங்கைப் பொறுத்தவரை ஆவரேஜ் எண்ணை எழுதினால் யாரும் நம்புவதில்லை, எந்தத் தரத்துப் பிட்சர்களுக்கு எதிராக என்பதுதான் கேள்வி. நல்ல வேகமுள்ள பிட்சருக்கு எதிராக முழுசாக ஆடிய இரண்டு மூன்று பேட்டிங் முறைகளை வெட்டாமல் போட்டால் போதும், அவுட்டானது இருந்தாலும் பரவாயில்லை.

பணம். டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. டிவிஷன் 1இலும் முன்பெல்லாம் ஒரு சாஃப்ட்பால் அணிக்கு 12 ஸ்காலர்ஷிப்தான், அதை இருபது சொச்சம் பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், முழுச் செலவும் கிடைத்தவர்கள் குறைவு. 2025-26 முதல் புதிய உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அந்த வரம்பு போய், அணியில் 25 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. கல்லூரிகள் விரும்பினால் அதிகமாகக் கொடுக்கலாம், ஆனால் இடம் 25தான். எங்கள் மகளுக்குப் பணம் வந்தது மதிப்பெண்ணால். டிவிஷன் 3 கல்லூரிகள் படிப்புக்காகக் கொடுக்கும் உதவித்தொகை சில நேரம் பாதி விளையாட்டு ஸ்காலர்ஷிப்பைவிட அதிகமாக இருக்கும், ஆகவே இரண்டையும் காகிதத்தில் எழுதி ஒப்பிடுங்கள். டிவிஷன் 1 போக நினைத்தால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே என்சிஏஏ கேட்கும் 16 அடிப்படை (கோர்) பாடங்களையும் அதில் குறைந்தது 2.3 ஜிபிஏவையும் (மதிப்பெண் சராசரி) கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டாம் வகுப்பில் விழித்துக்கொண்டால் நேரம் இருக்காது.

அவள் சேர்ந்த சமயம் கடினமான சமயம். கோவிட்டால் 2020 சீசன் பாதியில் நின்றதால் அப்போது ஆடியவர்களுக்கு என்சிஏஏ ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்திருந்தது, அதனால் அணிகளில் மூத்தவர்கள் நிறைந்திருந்தார்கள். முதல் வருடம் அவள் இன்னொருத்திக்குப் பதிலாக ஓடும் பிஞ்ச் ரன்னராக மட்டும் உள்ளே போய் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த வருடத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள்: எதிரணி பேட்டர்கள் ஒவ்வொருவரும் எந்தப் பந்தை எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்று. வெளியே போகும் பந்தை எதிர்ப்பக்கம் தட்டுகிறவர்கள் யார், உள்ளே வரும் பந்தை இழுக்கிறவர்கள் யார். மூன்றாவது வருடம் சென்டர் ஃபீல்டில் நின்று, கேட்சர் எங்கே உட்கார்கிறாள் என்பதைப் பார்த்து இரண்டடி இடம் மாறி நின்றாள் என்றால் அதற்குப் பின்னால் அந்த நோட்டு இருந்தது. உதவிக் கோச் அதைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

உடம்பைப் பற்றி இரண்டு விஷயம். ஓடி, குதித்து, சட்டென்று திரும்பும் விளையாட்டுகளில் முழங்காலின் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் மடங்காமல் இறங்கப் பழக்கும் பயிற்சிகள் இருக்கின்றன, வாரத்தில் சில நாள் கொஞ்ச நேரம் செய்தால் போதும், பன்னிரண்டு வயதிலேயே தொடங்குங்கள். இரண்டாவது தோள். அவுட்ஃபீல்டர்தான் தூரத்திலிருந்து எறிகிறவள். வருடம் முழுக்க டிராவல் பால் ஆடினால் தோளுக்கு ஓய்வே இருக்காது. இலையுதிர் காலம் முடிந்ததும் சில வாரம் பந்தையே தொடாமல் இருக்கட்டும், எந்தக் கோச் என்ன சொன்னாலும் சரி.

சாப்பாடு. டெக்ஸஸ் வெயிலில் ஒரே நாளில் மூன்று ஆட்டம் வரும், நாங்கள் சைவம், மைதானக் கடையில் சாப்பிட எதுவும் இருக்காது. ஐஸ் பெட்டியில் உப்புப் போட்ட மோர், வாழைப்பழம், பொடி தடவிய சின்ன இட்லி. இட்லியை அணியில் மற்ற பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்ததால் அதிகமாகச் செய்துகொண்டு போக வேண்டியதாயிற்று. தயிர்சாதத்தைக் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு கொடுங்கள், நடுவில் கொடுத்தால் கால் நகராது.

கல்லூரிக்குப் பிறகு என்ன என்று கேட்பவர்களுக்கு: 2025 கோடையில் ஏயூஎஸ்எல் என்ற தொழில்முறை லீக் நான்கு அணிகளோடு தொடங்கியிருக்கிறது, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருகிறது, அந்த ஆட்டங்களை ஓக்லஹோமா சிட்டியில் இதே டெவன் பார்க்கில் நடத்துகிறார்கள். அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். என் மகள் சிவில் எஞ்சினியர் வேலைக்குப் போயிருக்கிறாள், சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவுட்ஃபீல்ட் சொல்லிக்கொடுக்கிறாள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கோச்சிடம் கேட்க வேண்டியவற்றை இப்போதே எழுதி வையுங்கள். அணியில் இப்போது எத்தனை அவுட்ஃபீல்டர்கள், அவர்கள் எந்த எந்த வருடம்? பிற்பகல் லேப் வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வீர்கள், எஞ்சினியரிங் படித்துக்கொண்டே நான்கு வருடம் ஆடி முடித்தவர் உங்கள் அணியில் யாராவது இருக்கிறார்களா, அவரோடு பேச முடியுமா? அடிபட்டு ஒரு சீசன் ஆட முடியாமல் போனால் அவள் இடமும் உதவித்தொகையும் என்ன ஆகும்? இவற்றை நீங்கள் கேட்காமல் பிள்ளையே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். லேப் கேள்விக்கு ஒரு கோச் தயங்காமல் தன் மூத்த வீராங்கனை ஒருத்தியின் கால அட்டவணையை எடுத்துக் காட்டினார், என் மகள் அந்தக் கல்லூரிக்குத்தான் போனாள்.